குழந்தைக்குக் குளியலும் பாலும்: எவ்வளவு சூடு சரி?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. குளிப்பாட்டும் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் விளாவி வைக்கும் வெந்நீர் எனக்குச் சுடுகிறது. அவரோ "கை பொறுக்கிற சூடுதானே" என்கிறார். குழந்தை உடம்பெல்லாம் சிவந்து வீறிட்டு அழுகிறாள். சென்ற வாரம் என் கணவர் ஒரு வெப்பமானி வாங்கிவந்து தண்ணீரில் வைத்துப் பார்த்தார். 41 டிகிரி காட்டியது. பகலில் தாய்ப்பால் தருகிறேன். இரவில் ஒரு வேளை பால் பவுடர் கரைத்துப் புட்டியில் தருகிறோம். குடிக்கும் சூட்டில் இருக்கும் தண்ணீரிலேயே பவுடரைக் கலந்துவிடுவேன். ஆறிப்போனால் கணவர் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்குவார். விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். எடுத்து வைக்கும் தாய்ப்பாலையும் சூடாக்கித்தான் தர வேண்டுமா? இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எதைச் சரிபார்ப்பது என்றே தெரியவில்லை.

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 41 டிகிரி. அந்தச் சூட்டில் தோல் உடனே வெந்துவிடாது. குளித்து முடித்த சிறிது நேரத்தில் சிவப்பு மறைந்து, குழந்தை வழக்கம்போலப் பால் குடித்தாள் என்றால், நடந்ததை நினைத்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாளை முதல் அந்தச் சூடு வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும் நீர் 37 அல்லது 38 டிகிரி செல்சியஸில் இருந்தால் போதும். மூன்று டிகிரி நமக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு அது பெரிய வித்தியாசம். அவளுடைய தோல் நம் தோலைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அவளுக்குத் தோலின் பரப்பு நம்மைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் சூடும் சட்டென்று ஏறும், குளிரும் சட்டென்று பிடிக்கும். சுடுகிறது என்று சொல்ல அவளுக்கு வார்த்தை கிடையாது, விலகிக்கொள்ளவும் முடியாது. சிவந்ததும் வீறிட்டதும்தான் அவள் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதினீர்களே, அது நல்ல காரியம்.

இனி உங்கள் மாமியார். அவர் வீம்புக்காக அப்படிச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருடைய கை அவரிடம் உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறது. தோல் எத்தனை டிகிரி என்று அளந்து சொல்லும் கருவி அல்ல. தன்னைவிடத் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்ச்சி என்பதைத்தான் அது உணர்கிறது. கொஞ்ச நேரமாகவே வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கி, ஊற்றி, கலக்கிக்கொண்டிருக்கும் கைக்கு 41 டிகிரி இதமாகத்தான் இருக்கும். சற்று முன்பு துணி அலசிவிட்டு வந்த உங்கள் கைக்கு அதே நீர் சுடும். நம்பிக்கை வரவில்லை என்றால் மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கை தாங்கும் வெந்நீர், நடுவில் உள்ளதில் வெதுவெதுப்பான நீர். ஒரு கையைக் குளிர்ந்ததிலும் மற்றொரு கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுக்கிண்ணத்தில் வையுங்கள். ஒரே தண்ணீர்தான், ஒரு கை சூடு என்னும், மற்றொரு கை குளிர்ச்சி என்னும். இதை நீங்கள் செய்து காட்டுவதைவிட மாமியாரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் குழந்தைகளைக் குளிப்பாட்டிய ஒருவரிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்வது சரியல்ல. கை ஏமாற்றுகிறது என்பதை அவர் கையே அவருக்குக் காட்டிவிடும்.

உள்ளங்கைக்குப் பதிலாக முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். அங்கே தோல் மெல்லியது. வேலை செய்து காய்த்துப்போகவில்லை. சற்று முன்பு எந்தப் பாத்திரத்தையும் தொடவில்லை. தொட்டவுடன் எடுத்துவிடாமல் ஐந்தாறு நொடி வைத்திருங்கள். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்கள். கையின் மேல்தோல் சாதாரணமாக 33 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே எதுவுமே தெரியாத தண்ணீர் குழந்தைக்குச் சற்றுக் குளிர்ச்சியான தண்ணீர். முழங்கைக்கு இதமான வெதுவெதுப்பு தெரிய வேண்டும். "சுடுகிறதோ" என்ற எண்ணம் எழக்கூடாது. அந்த எண்ணம் எழுந்தாலே இன்னும் ஒரு மக் பச்சைத் தண்ணீர் சேருங்கள்.

உங்கள் கணவர் வாங்கிய வெப்பமானி வீண் செலவல்ல. அதையும் பயன்படுத்துங்கள், முழங்கையையும் பயன்படுத்துங்கள். ஆனால் கலக்காத தண்ணீரில் மிதக்கும் வெப்பமானி தான் இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் காட்டும். சூடான நீர் இலேசானது, மேலே நிற்கும். குளிர்ந்தது அடியில் தங்கும். அடியிலிருந்து மேலாகக் கையால் நன்றாகத் துழாவிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் வெந்நீரில் போடாதீர்கள். அது உடல் வெப்பநிலைக்கென்று செய்யப்பட்டது. பெரும்பாலும் 42 டிகிரிக்கு மேல் காட்டாது.

விளாவுவதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தெரிந்துகொண்டால் கண்ணளவுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். பச்சைத் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மக் பச்சைத் தண்ணீருக்கு ஒரு மக் கொதிநீர் சேர்த்தால் சுமார் 37 டிகிரி வரும். பச்சைத் தண்ணீர் ஒரு மக் குறைந்தால் 40. இரண்டு மக் குறைந்தால் 43-ஐத் தாண்டிவிடும். பார்வைக்கு மூன்று வாளிகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மூன்றிலும் ஆவி பறப்பது தெரியாமலே போகலாம். பருவம் மாறும்போது பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சியும் மாறும் என்பதால் இந்த அளவை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொல் முழங்கைக்கும் வெப்பமானிக்கும்தான்.

அளவைவிட வரிசை முக்கியம். எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், கொதிநீரைப் பிறகு சேருங்கள். நான் பார்த்த ஒரு குழந்தையின் வீட்டில் இது தலைகீழாக நடந்தது. தந்தை தொட்டியில் வெந்நீரை ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். தொட்டி தயாராகிவிட்டது என்று நினைத்த மற்றொருவர் குழந்தையின் கால்களை இறக்கிவிட்டார். இருவரும் அக்கறையோடுதான் இருந்தார்கள். பச்சைத் தண்ணீர் முதலில் இருந்திருந்தால் அதே மறதி வெறும் குளிர்ந்த நீரில் முடிந்திருக்கும். 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே ஏறக்குறைய 5 நொடியில் ஆழமாகப் புண்ணாக்கும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். குழந்தைக்கு இரண்டிலுமே நேரம் இன்னும் குறைவு. உங்கள் வீட்டு ஹீட்டரில் சூட்டைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் 49 டிகிரிக்கு மேல் போகாதபடி வையுங்கள். குழாயிலிருந்தே தொட்டியை நிரப்புகிறீர்கள் என்றால் கடைசியாகக் குளிர்ந்த நீரைச் சிறிது ஓடவிட்டு மூடுங்கள். குழாயின் வாயும் ஆறிவிடும், சொட்டும் சுடாது. குழந்தை தொட்டியில் இருக்கும்போது மேற்கொண்டு வெந்நீர் ஊற்றவே கூடாது. கொதிநீரை அடுப்பிலிருந்து தூக்கி வரும் வழியில் குழந்தையை ஏந்தியபடி யாரும் நிற்கவும் கூடாது.

தண்ணீர் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழம் போதும். அறை 24 டிகிரிக்குக் குறையாமல், காற்று வீசாமல் இருக்கட்டும். நனைந்த உடம்பிலிருந்து நீர் ஆவியாகும்போதுதான் குழந்தை வேகமாகக் குளிர்கிறாள். துண்டைக் கைக்கெட்டும் தூரத்தில் விரித்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், எடுத்தவுடன் தலையை முதலில் துவட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். தினமும் தொட்டிக் குளியல் வேண்டும் என்பதுகூட இல்லை. இந்த வயதில் வாரத்துக்கு மூன்று நாள் போதும், மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, இடுப்புக்குக் கீழே துடைத்துவிட்டால் சுத்தம்தான். யாரும் கூப்பிட்டாலும் எதை எடுக்கவும் அவளைத் தண்ணீரில் விட்டு ஒரு நொடிகூட அகலக்கூடாது. இதைத் தெரியாதவர் யாரும் இல்லை. இருந்தும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பாலுக்கு வருவோம். இங்கே உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருக்கிறது, கட்டாயம் மாற்ற வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

ஆறுதல் இது: நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்குப் பாலைச் சூடாக்கித்தான் தர வேண்டும் என்ற மருத்துவக் கட்டாயம் எதுவும் இல்லை. அறைச்சூட்டில் தரலாம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியேகூடத் தரலாம். மார்பில் குடித்துப் பழகிய குழந்தை உடல்சூட்டை விரும்புவாள், அதனால்தான் வெதுவெதுப்பாக்குகிறோம். அது அவளுடைய விருப்பம் சார்ந்தது மட்டுமே. எடுத்து வைக்கும் தாய்ப்பாலை அறைச்சூட்டில் தந்து பாருங்கள். குடித்துவிட்டால் நீங்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வேலை மிச்சம்.

குடிக்க மறுத்தால், வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் பால் புட்டியைச் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். கொதிநீரில் வேண்டாம், அடுப்பில் நேரடியாகவும் வேண்டாம். தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் புரதங்களும் கொழுப்பைச் செரிக்க உதவும் நொதிகளும் உள்ளன. மிகுந்த சூடு அவற்றைக் கெடுத்துவிடும். 40 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். கொழுப்பு மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். புட்டியை மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துகொள்ளும். எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம் இருக்கும். 4 டிகிரியில் உள்ள குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்கள். மைனஸ் 18 டிகிரி உறைநிலையில் 6 மாதங்கள் வரை நல்லது. உறைந்ததை உருக்கியபின் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. வெதுவெதுப்பாக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

மாற்ற வேண்டியது, இரவுப் பால் பவுடரைக் கரைக்கும் முறை. ஒரே புட்டிக்கு இரண்டு வெப்பநிலைகள் உண்டு: கரைக்கும் சூடு வேறு, குடிக்கும் சூடு வேறு. நீங்கள் குடிக்கும் சூட்டிலேயே கரைத்துவிடுகிறீர்கள். பல டப்பாக்களில் வெதுவெதுப்பான நீரில் கலக்கச் சொல்லித்தான் அச்சிட்டிருக்கிறார்கள், எனவே தவறு உங்களுடையது அல்ல. ஆனால் பால் பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரிலும் உயிரோடு இருக்கும், சால்மொனெல்லாவும் இருக்கக்கூடும். குரோனோபாக்டர் நோய் அரிது. வந்தால் இரத்தத்திலும் மூளை உறையிலும் தொற்றாக மாறி உயிரையே பறிக்கக்கூடியது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் மகளுக்கு ஆறு வாரம். வெதுவெதுப்பான நீர் அந்தக் கிருமியைக் கொல்லாது, வளரத்தான் உதவும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கரைக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று சொல்லியிருக்கிறது.

செய்முறை கடினமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வைத்து, 30 நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள்; அப்போது 70-க்குக் கீழே இறங்கியிருக்காது. ஒரு டம்ளர் மட்டும் கொதிக்கவைத்தால் அதற்கு முன்பே ஆறிவிடும், அதனால்தான் ஒரு லிட்டர். தண்ணீரை முதலில் புட்டியில் அளந்து ஊற்றிவிட்டு, அதன்மேல் பவுடரைத் தலை தட்டிய அளவில் போடுங்கள். மாற்றிச் செய்தால் பால் கெட்டியாகிவிடும். கரைந்ததும் மூடி, ஓடும் குழாய் நீரிலோ குளிர்ந்த நீர்க் கிண்ணத்திலோ ஆற்றுங்கள். வெளித் தண்ணீர் மூடிக்குக் கீழேயே நிற்கட்டும், காம்பில் படக்கூடாது. பிறகு புட்டியைத் துடைத்து, மெதுவாகக் குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்தது தெரிய வேண்டும், சுடக்கூடாது. 70 டிகிரியில் கரைத்த பாலை ஆற்றாமல் கொடுத்தால் வாய் வெந்துவிடும்; எனவே இந்தச் சோதனையை ஒரு வேளைகூடத் தவிர்க்காதீர்கள், கணவர் பார்த்துவிட்டேன் என்றாலும் கொடுப்பவர் மறுபடி பார்க்க வேண்டும். கரைத்த பால் 2 மணி நேரம்தான். குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள், எவ்வளவு மீந்திருந்தாலும். நீங்கள் வாங்கும் பவுடரில் நன்மை தரும் உயிர்க்கிருமிகள் சேர்த்திருந்தால், சூடான நீர் அவற்றைக் கொல்லும் என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். இந்த வயதில் அது சேர்க்காத வகையைத் தரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அது பாலை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. நடுவில் ஓர் இடம் கொதித்துக்கொண்டிருக்கும்போது புட்டியின் வெளிப்புறம் ஆறியே இருக்கும். ஒரு தந்தை புட்டியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்; இதமாக இருந்திருக்கிறது. குழந்தை இரண்டு வாய் உறிஞ்சியதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கதறினான். என்னிடம் கொண்டுவந்தபோது விளக்கடித்துப் பார்த்தேன்: மேலண்ணத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக வெந்திருந்தது. ஒரு வாரம் அவனுக்குப் பால் ஊட்டுவதற்குள் அந்தத் தாய் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குலுக்கினால் சூடு பரவிவிடும் என்று நம்பவும் முடியாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொதிநீர் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடனே ஆடையையும் நாப்கினையும் கழற்றுங்கள், நனைந்த துணி சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்; தோலோடு ஒட்டிக்கொண்டதை மட்டும் இழுக்காதீர்கள். பட்ட இடத்தில் குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். உடம்பின் மற்ற பகுதியைத் துணியால் போர்த்தி வையுங்கள், இல்லையென்றால் குழந்தை குளிர்ந்துவிடும். ஐஸ், பற்பசை, எண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, புண் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த வயதில் புண்ணின் அளவைப் பார்த்து வீட்டில் முடிவெடுக்கக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்ட இரவு 2 மணி. தண்ணீரைக் கொதிக்கவைக்க அந்த நேரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. தூங்கப் போகும்முன் கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வையுங்கள். நிரம்பிய பிளாஸ்க் பல மணி நேரம் 70 டிகிரிக்கு மேல் சூட்டைக் காக்கும், பாதி நிரம்பியது காக்காது. உங்கள் பிளாஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை ஒரு பகலில் சோதித்துவிடுங்கள். 100 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி ஒன்றைக்கொண்டு, இரவில் எத்தனை மணி நேரம் கழித்துத் திறப்பீர்களோ அத்தனை மணி நேரம் கழித்துத் திறந்து அளந்து பாருங்கள். புட்டி, காம்பு, பவுடர், ஆற்றுவதற்குக் குளிர்ந்த நீர்க் கிண்ணம் எல்லாம் ஒரே தட்டில் தயாராக இருக்கட்டும். பகலில் அளந்த எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி, "இத்தனை மணிக்குள் பயன்படுத்தவும், ஆற்றியபின் மணிக்கட்டில் சொட்டுப் பார்க்கவும்" என்று பிளாஸ்கிலேயே ஒட்டிவிடுங்கள். உங்கள் கணவர் எழுந்து பால் கரைக்கும் இரவுகளில் அவர் உங்களை எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.